பனிப்பூ முத்திரை

கார் வந்து மூன்றாம் கிழமைதான் கண்டேன்.
டயரின் பக்கவாட்டில்
மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ,
என் சின்னவிரல் நகமளவு.
பஞ்சிகாவத்தையில் ஜிப்ரி நானா
குந்தியிருந்து தடவிப் பார்த்துச் சிரித்தார்.
"டீச்சர், இது ஐஸில ஓடுற டயர்.
ஜப்பான்காரன் கழற்றாமலே கப்பலேத்திட்டான்."

வெளியே பங்குனி வெயில்.
இளகிய தார்
என் செருப்பைப் பிடித்து வைத்திருந்தது.

நகத்தால் அழுத்தினால் குழிகிறது ரப்பர்,
ஆறாத தொதல் மாதிரி.
ஆனாலும் பள்ளங்கள் ஆழம்.
பத்து ரூபாய்க் குத்தியைச் செருகினேன்,
கால்வாசி மறைந்தது.
"இவ்வளவு மிச்சம் இருக்கே, நானா?"
"இருக்கும். சூட்டில கரையும், மழையில வழுக்கும்.
உங்கட காசு, உங்கட கார்."

நான் கணிதம் படிப்பிக்கிறவள்.
பம்பலப்பிட்டியில் நாலரைக்கு ஒரு பிள்ளை,
வெள்ளவத்தையில் ஆறு மணிக்கு இரட்டையர்,
தெஹிவளையில் ஏழே முக்காலுக்கு
மடக்கையை வெறுக்கும் ஒரு பல்வைத்தியரின் மகன்.
நான்கு புது டயரின் விலையை
அவர்கள் தரும் காசால் வகுத்தேன்.
வந்த விடைக்குள்
லீசிங் தவணை அடங்கவில்லை.
ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்பெட்டியில் ஒரு நீலத் தகடு கிடந்தது.
கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவதற்காம்.
விடியற்காலையில் கையுறையோடு நின்று
யாரோ சுரண்டியிருக்கிறார்கள்,
வேலைக்குப் பிந்துகிறதே என்று முணுமுணுத்தபடி.
ஜம்பட்டா வீதியில்
நான் அதனால் காக்கை எச்சம் சுரண்டுகிறேன்,
அதே முணுமுணுப்போடு.

வைகாசி பிறந்து நாலாம் நாள்
காலி வீதியில் முதல் பெருமழை.
மஞ்சள் கோட்டில் ஒரு மனிதர்,
ஒரு கையில் குடை, ஒரு கையில் கேக் பெட்டி.
மிதித்தேன்.
கார் யோசித்தது.
எனக்குத் தெரிந்த சூத்திரங்கள் எல்லாம்
அந்த யோசனைக்குள் வந்து போயின.
நின்றபோது என் பம்பருக்கும்
அவர் முழங்காலுக்கும் இடையில்
ஒரு அடிமட்டம் வைக்கலாம், பதினைந்து சென்ரிமீற்றர் அடிமட்டம்.
அவர் ஏசவில்லை.
குடையைத் தோளில் சாய்த்து, மூடியைத் திறந்து,
முதலில் கேக்கைப் பார்த்தார்.
பிறகு என்னை.

அடுத்த நாள் காலை கடை திறக்க முன்பே
பஞ்சிகாவத்தையில் நின்றேன்.
"இரண்டு மட்டும் இப்ப போடுங்கோ, நானா. முன்னுக்கு."
"இரண்டென்றால் பின்னுக்குத்தான்.
முன்னுக்குப் போட்டா வளைவில வாலாட்டும்."
"இழுக்கிறது முன்சில்லுதானே?"
"இழுக்கிறது வேற, பிடிக்கிறது வேற."
கணிதம் படித்தவள் நான்,
வாய் மூடி நின்றேன்.
அவர் தேநீரை உறிஞ்சி, கடைக்கு மேலே பார்த்து,
"நுஸைலாவுக்கு டிசம்பரில ஓ.எல்.," என்றார்.
"கணக்குத்தான் ஓடுதில்ல."

இரண்டு காசுக்கு.
இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு.

இப்போது கடைக்கு மேல் அறையில்
ரப்பர் மணக்க மணக்க இருபடிச் சமன்பாடு.
கீழே சில்லு கழற்றும் சத்தத்தில்
நுஸைலா என்னைவிட உரத்துப் பேசுகிறாள்.
வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நாலு மடங்காம்,
ஏன் என்று கேட்டாள்.
நிறுவிக் காட்டினேன்.
கேக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

பழைய நான்கையும் விற்க மனமில்லை,
வாங்க ஆளுமில்லை.
பல்கனியில் அடுக்கி வைத்தேன்.
ஆடியில் டெங்கு பார்க்க வந்த பி.எச்.ஐ.
டோர்ச் அடித்தார். உள்ளே இரண்டு விரல் தண்ணீர்,
அதில் நெளியும் கூத்தாடிப் புழுக்கள்.
வெளிச்சம் நழுவிப் பக்கவாட்டில் விழுந்தது.
"இது என்ன அடையாளம், மிஸ்?"
"பனி," என்றேன்.
பேனையை உதறிக்கொண்டு
படிவத்தில் எழுதினார்:
டயர், நான்கு. நீர் உண்டு.