அம்பயரின் பாக்கி

லோவல் பிராண்ட்வோல்ட் இறந்த செய்தி வந்தபோது
நான் நிலவறையில் நின்று
அவன் பொருத்திய உலைக்கு
வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன்.
தூசியை உதறிவிட்டு, சரி என்றேன்.
வேறென்ன சொல்வது?
நாற்பது வருடம் அவனிடம் நான் பேசியதெல்லாம்
இரண்டே சொற்கள்:
அவுட். சேஃப்.

அவுட்தான் அதிகம்.

மினசோட்டாவில் உலை விற்பவன்
பட்டினி கிடக்க மாட்டான்.
நான்கு வேன், பதினொரு ஆட்கள்,
தகரக் குழாய் மடிக்க ஒரு கொட்டகை.
விலையைக் குறையேன் என்றால்
தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிவான்.
குறைக்க மாட்டான்.
பனிப்புயல் இரவில் பத்து வீடு கூப்பிட்டால்
கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் போவான்.
மேயர் வீடு எப்போதும் பத்தாவது.

மே பிறந்துவிட்டால்
ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கும்.
தானியக் கிடங்குக்குப் பின்னால் மைதானம்,
வலது ஓரத்தில் தண்டவாளம்.
சரக்கு ரயில் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவோம்,
பிட்சரின் குரல்கூடக் கேட்காது.
லோவல் பெட்டிகளை எண்ணுவான்.
நூற்றுப் பதினான்கு, என்பான்.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இருபது வயதில் நடுக்களம். அங்கே ஓடினான்.
நாற்பதில் முதல் பேஸ். அங்கே நின்றான்.
அறுபத்தொன்றில் வலது மூலை:
அந்தப் பக்கம் எவனும் அடிக்கமாட்டான்
என்று நம்பி நிறுத்தினார்கள்.
சில நாள் அடித்தார்கள்.
அவன் முட்டிகள் கிறீச்சிடுவது
எனக்கே கேட்கும், ஹோம் பிளேட் வரைக்கும்.

கடைசியாக ஆடும்போது எழுபத்து மூன்று.
சராசரி என்னவென்று கேட்காதீர்கள்.
ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆர்லிஸ்
பச்சை நோட்டில் எழுதியிருக்கிறாள்.
சர்ச்சில் வாசிக்கலாமா என்றார் பாஸ்டர்.
வேண்டாம், நீங்களே ஏதாவது
நல்லதாகச் சொல்லுங்கள் என்றுவிட்டாள்.

எண்பத்தாறு, ஆகஸ்டு. கடைசி இன்னிங்ஸ்.
மூன்றாம் பேஸிலிருந்து கிளம்பினான்,
நாற்பது வயதுக்காரன், பீரோ உருண்டதுபோல.
சறுக்கினான். புழுதி எழுந்தது.
மேலே கேட்சரின் கையுறை, கீழே இவன் கால்,
நடுவில் என் கண்ணில் மண்.
பார்க்காத ஒன்றுக்கு
என் கை உயர்ந்துவிட்டது.

ஊரே கத்தியது.
இரும்புக்கடை வெண்டல் தன் தொப்பியை மிதித்தான்.
லோவல் எழுந்தான், கால்சட்டையைத் தட்டினான்,
ஒரு மூச்சு நேரம் என்னைப் பார்த்தான்,
பேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதே வருடம் டிசம்பரில் என் உலை செத்தது.
வெட்கத்தில் முதலில் வேறு மூன்று பேரைக் கூப்பிட்டேன்.
வரவில்லை.
இவன் வந்தான்.
நாலு மணி நேரம் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தான்.
ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.
ரசீது கொடுத்தான்: மோட்டார், பெல்ட், கூலி,
ஒரு சென்ட் தள்ளுபடியில்லை.
அடியில் பென்சிலில், பொடி எழுத்தில்:
'கால்தான் முதலில் பட்டது.'

காசோலை எழுதினேன்.
எதற்காக என்று நிரப்பும் கோட்டில்
'தெரியும்' என்று எழுதினேன்.
மறுநாளே வங்கியில் போட்டுவிட்டான்.
வியாபாரி.

அதற்கப்புறமும் முப்பத்து மூன்று கோடை.
நான் அவுட் என்றேன், அவன் திரும்பி நடந்தான்.
நான் சேஃப் என்றேன்,
அதற்கும் அவன் நன்றி சொன்னதில்லை.

நேற்று, டைக்கு மேல் ஜெர்சி மாட்டிய
ஆறு பேர் அவனைத் தூக்கி வந்தார்கள்.
சர்ச் வாசலில் பனி உறைந்திருந்தது.
முன்னால் வந்தவன் வழுக்கினான்,
பெட்டி ஒருகணம் சாய்ந்து
படியைத் தொட்டு நிமிர்ந்தது.

என்னையறியாமல் குனிந்திருக்கிறேன்.
இரண்டு கைகளும் உள்ளங்கை தரை பார்க்க
இருபுறமும் விரிந்திருந்தன.

ஆர்லிஸ் பார்த்துவிட்டாள்.
"ரொம்ப லேட்" என்றாள்.
பிறகு கைப்பையைத் துழாவினாள்.
"பேனா இருக்கா?
நோட்டில் திருத்தணும்."