மேலே எரிந்தது

கடைக்காரர் தார்கோ மூன்று கேமராக்களைக்
கண்ணாடி மேசைமேல் வைத்தார்.
ஒன்றுக்கு எல்லா நிறமும் தெரியும்.
ஒன்று பிலிம் தின்னும், முப்பத்தாறு கவளத்துக்கு
என் அரைநாள் சம்பளம் கேட்கும்.
மூன்றாவதுதான் விலையில் மூத்தது,
சிவப்பு என்றால் என்னவென்று பிறவியிலேயே அறியாதது.

“நிறையக் கொடுத்துக் குறைவாக வாங்குகிறீர்கள்”
என்றார், விற்பவர் சொல்லக்கூடாத சொல்லை.

திரியெஸ்தே நகர மருத்துவமனையில்
நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
கூட வேலை பார்க்கும் நீவெஸ் சிரித்தாள்:
“நாளெல்லாம் சாம்பலில் எலும்பு பார்க்கிறாய்.
லீவிலுமா?”

லீவிலும்தான்.
செக்கச்செவேல் உண்டு, பச்சைப்பசேல் உண்டு,
வெள்ளைவெளேரும் கன்னங்கரேலும் உண்டு.
சாம்பலை உரத்துச் சொல்லத்தான் ஒரு சொல் இல்லை.
அதில் நூறைப் பிரித்தறியவே
எனக்குச் சம்பளம்.

லிவியோ பிலிம் கட்சி.
அவன் குளியலறையில் காலுறைகளுக்குப் பக்கத்தில்
நெகட்டிவ்கள் சொட்டும்.
தப்புக்குக் காசு போனால்தான் கண் திறக்கும் என்பான்.
எனக்கும் திறந்தது. கொஞ்சநாளில் மூடிக்கொண்டது.
போன வசந்தத்தின் பதினொரு சுருள்கள்
இன்னும் வெண்ணெய்க்குப் பக்கத்தில் குளிர்கின்றன,
கழுவப்படாமல்.

நிறக் கேமராவோடும் வாழ்ந்து பார்த்தாயிற்று.
இரவில் கணினி முன் உட்கார்ந்து நிறத்தை உரிப்பேன்.
வானம் இன்னும் கொஞ்சம் கறுக்கட்டுமா,
நீவெஸின் உதடு வெளுக்கட்டுமா,
ஒரே படத்துக்குப் பதினாலு முகம்.
உரித்ததெல்லாம் ஒரு பொத்தானில் எழுந்து வரும்.
விரதம் வேறு,
வீட்டில் அரிசி இல்லாதது வேறு.
எனக்கு இரண்டாவது வேண்டியிருந்தது.

வாங்கிவிட்டேன்.
ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் இருந்த
குட்டி நிறக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்களாம்,
வெளிச்சம் வரி கட்டாமல் உள்ளே வருகிறது.
நள்ளிரவுக் கப்பல்துறையில்
கயிற்றின் இழையை எண்ணலாம்.
ஆனால் வெள்ளை எரிந்துபோனால் போனதுதான்,
கடன் கேட்கப் பக்கத்து நிறம் இல்லை.
சந்தையில் சிவப்புக் குடைமிளகாயும் பச்சையும்
ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகக் கிடந்தன.

பிப்ரவரியில் போரா காற்று.
ஆட்கள் கம்பங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.
சந்திப்பில் குடை ஒன்று கவிழ்வதை எடுக்கப்போய்
வேன் ஸ்கூட்டரில் மோதியதை எடுத்துவிட்டேன்.

போலீஸ்காரி படத்தைப் பார்த்தாள்.
“வேன் வந்தபோது விளக்கு சிவப்பா, பச்சையா?”
“இதில் நிறம் இல்லை.”
“பழுதா?”
“இல்லை. அதற்குத்தான் கூடுதல் விலை.”
பெருமூச்சு விட்டாள். விரலால் பெரிதாக்கினாள்.
மூன்று வட்டம். இரண்டு கரி.
ஒன்று வெள்ளை.
“மேலே எரிந்தது” என்றாள்.
சிவப்பு என்று எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை என் மேசையில்
ஸ்கூட்டர்க்காரன், தித்ஸியானோ என்று பேர்.
காறையெலும்பில் மயிரிழை விரிசல்,
நல்ல சாம்பல்.
படம் எடுத்தவள் நான்தான் என்று தெரிந்ததும் கேட்டான்:
“என் கழுத்துத்துணி அதில் இருக்கிறதா?
காற்று கொண்டுபோய்விட்டது.”
இருந்தது. பறந்துகொண்டு,
நெசவின் கண் ஒவ்வொன்றும் தெரிய.
“அவள் அதைச் செங்கல் என்பாள்,
நான் ஆரஞ்சு என்பேன்.
நீங்கள் சொல்லுங்களேன்.”
“வேனைவிட வெளுப்பு, வானத்தைவிடக் கறுப்பு” என்றேன்.
சிரித்தான். சிரித்தது வலித்தது.

நான் அங்கேதான் நின்றேன்.
இரண்டு கண்ணும் திறந்திருந்தது.
அந்தத் துணியை நான் பார்த்திருக்கிறேன்.
வீடுவரை யோசித்தும்
நிறம் வரவில்லை.

பதினாலு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று
ரசீதில் இருந்தது.
பதின்மூன்றாம் நாள் கடைக்குப் போனேன்.
தார்கோ என்னைப் பார்த்ததும்
நிறக் கேமராவை எடுக்கக் கையை நீட்டினார்.

“அது வேண்டாம்.
ஆரஞ்சு பில்டர் ஒன்று கொடுங்கள்” என்றேன்.