ஒற்றைக் கோடு

முதல் புட்டி மணியடித்தது ஒரு வெள்ளி இரவு.
ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து
ஊதாச் சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
மெலிந்த கோல்கள், சற்றே வளைந்தவை,
நகம் வெட்டிப் போட்டது போல.
இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று.
தோலில் சும்மா குடியிருப்பவை,
ஊசி நுழையும்போது ஒட்டிக்கொண்டு வருபவை.
பதிவேட்டில் எழுதினேன்:
மாசு. நோய்க்கிருமி அல்ல.
கீழே என் சுருக்கொப்பம்.
ஆசாரிப்பள்ளத்தில் பனி இறங்கும் நேரம்.
டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டேன்.

படுக்கை எண் பதினொன்று.
வியாகுலம், வயது நாற்பத்தாறு,
மணக்குடி, மீன் வியாபாரம்.
ஐந்து வாரமாய்க் காய்ச்சல்.
குழல் வைத்துக் கேட்ட டாக்டருக்கு
இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு சீறல்.
எக்கோவில், அயோர்ட்டா வால்வின் ஓரிதழில்
ஏதோ தொங்கி ஆடிக்கொண்டிருந்தது,
ஒன்பது மில்லிமீட்டர்.

மணக்குடிப் பொழியைப் பார்த்தவர்களுக்கு
நான் விளக்க வேண்டியதில்லை.
பழையாறு வந்து முட்டினால் மணல் விலகும்,
கடல் தள்ளினால் மணல் கூடும்.
ஆறு அதற்கு மாதக்கணக்கு எடுத்துக்கொள்கிறது.
நெஞ்சுக்குள் நிமிடத்துக்கு எழுபது தடவை.
அவளுக்கு மூடவில்லை.
போன ரத்தம் பாதியில் திரும்பி வந்தது.

வான்கோமைசின் ஏறியது ஆறு நாள்.
விலை கூடிய மருந்து.
காய்ச்சல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இரண்டாம் புட்டி. மூன்றாம் புட்டி.
வேறு கை, வேறு நாள்.
அதே நகத்துண்டுகள்.
மாசு என்றால் மூன்று தடவையும்
ஒரே முகத்தோடா வரும்?

வார்டுக்குப் போனேன்.
லேபில் இருப்பவர்கள் வழக்கமாகப் போவதில்லை.
"கையில எப்பமாவது முள்ளு குத்திச்சா?"
சிரித்தாள்.
"எந்த முள்ளக் கேக்குதிய பிள்ளே?
சாள முள்ளா, கெளுத்தி முள்ளா?
முள்ளு குத்தாத நாளு பெரிய வெள்ளிதான்,
அண்ணைக்கு யாவாரம் கெடையாது."

பிறகு வலது ஆள்காட்டி விரலை நீட்டினாள்.
சவேரியார் திருவிழாவுக்கு முந்தி, ஒரு கெளுத்தி.
கருஞ்சிவப்பாய் வீங்கி, தீயாய்க் காந்தி,
சீழே வைக்காமல்
உப்புத் தண்ணீரில் முக்கி முக்கித்
தானாக ஆறியது.
"அது அப்பமே சொகமாச்சே."

விரலுக்குச் சுகமாயிற்று.

அன்றிரவு இரும்பு கலந்த சாய்வுக் குழாயில்
நேர்க்கம்பியால் குத்தி வைத்தேன்.
மறுநாள், குத்திய வழி முழுக்கக் கறுப்பு,
முள் இறங்கிய தடம் மாதிரி
ஒற்றைக் கோடு.

பெயர் எரிசிப்பெலோத்ரிக்ஸ்.
எந்த ஊர்க்காரன் வைத்தானோ,
எரி என்றுதான் தொடங்குகிறது.
மீனின் வழுவழுப்பில் இருக்கும்,
மீனை ஒன்றும் செய்யாது.
வான்கோமைசினுக்குப் பிறவிச் செவிடு.
கேட்பது பெனிசிலின் பேச்சைத்தான்.
ஸ்டோரில் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்குமே,
அந்தப் பழைய பெனிசிலின்.

நாலு மணிக்கொரு தடவை, ஆறு வாரம்.
மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கியது.
அரித்துப்போன இதழ் போனதுதான்.
திருவனந்தபுரத்தில் வேறு வால்வு வைத்தார்கள், உலோகம்.
ராத்திரியில் டிக் டிக் என்று கேட்குமாம்.
"வீட்டுக்குக் கடியாரம் வேண்டாம்னு
மவ சொல்லுதா" என்றாள் வடசேரிச் சந்தையில்,
வெறுங்கையால் அயிலையை நறுக்கிக்கொண்டே.
நான் வாங்கிக் கொடுத்த கையுறை
தராசுக்கு அடியில் மடித்தபடி இருந்தது.
உறை போட்டால் மீன் வழுக்குமாம்.

ஆறு நாள்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
அபூர்வமான கேஸ், கான்பரன்ஸில் சொல்லலாம்
என்றார் துறைத் தலைவர்.

பதிவேட்டில் பிழை திருத்த ஒரு விதி உண்டு.
சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு இழுத்து
அருகில் தேதி, கையெழுத்து.
அடித்தது படிக்கும்படி கிடக்க வேண்டும்.

கிடக்கிறது.
மாசு. நோய்க்கிருமி அல்ல.