அரை மில்லிமீட்டர்

ஆ கீட் பட்டறைச் சுவரில்
ஆணியில் தொங்குகிறது ஹெட்டர்.
நாலு குழாய். நாலும் ஒரே நீளம் வர
வளைந்து நெளிந்து
தள்ளிப் போய்த்தான் ஒன்றாகின்றன.
ஆயிரத்து நூறு ரிங்கிட்.
உனக்கென்றால் தொள்ளாயிரத்தைம்பது என்கிறான்.

கீழே அட்டைமேல்
என் சத்ரியாவிலிருந்து கழற்றிய மேனிஃபோல்ட்.
வார்ப்பிரும்பு. துருவேறிய கட்டி.
தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு முனகியது.
கேஸ்கெட் மாற்றத்தான் வந்தேன்,
சத்தியமாக அதற்கு மட்டும்தான்.

அதன் குற்றம் எனக்குத் தெரியும்.
பாயான் பாரு வீட்டில் நாங்கள் நாலு பேர்,
ஒரே குளியலறை.
ஒருத்தி வெளியேறுமுன் அடுத்தவள் கதவில்.
அவள் விட்ட ஆவியைத்தான் இவள் இழுக்கவேண்டும்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு:
எஞ்சின் வெடிக்கும் வரிசையும்
எங்கள் ஷிஃப்ட் வரிசையும் ஏறக்குறைய ஒன்றே.

ஹெட்டரில் ஆளுக்கொரு தாழ்வாரம்.
முன்னே போகிறவளின் வேகமே
பின்னே வருகிறவளைக் கைபிடித்து இழுக்கும்.
எட்டுக் குதிரை கூடும் என்றான்.
எங்கே கூடும்?
ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேலே.
அதற்குக் கீழே?
நெற்றிக் கிரீஸைத் துடைத்துக்கொண்டான்.
கீழே கொஞ்சம் குறையும்லா.

மாலையில் பாலம் கடந்து பிறைக்கு,
காலையில் பாலம் கடந்து தீவுக்கு.
ஊரே போகும் திசையில்தான் நானும்.
மணிக்கு நாற்பது. மழையென்றால் இருபது.
ஊசி ஐயாயிரத்து ஐந்நூறைத் தொட்டது
இந்த வருஷம் ஒரே தடவை:
சீனப் பெருநாள், ஓவர்டைம் முடிந்து, விடியவில்லை,
பாலத்தில் ஒரு வண்டி இல்லை,
நடுமேட்டில் மூன்றாம் கியர்,
இரண்டு பக்கமும் கருப்பாய்க் கடல்.
ஒன்பது விநாடி.
அதற்கு விலை போடத் தெரியவில்லை எனக்கு.

மெல்லிய குழாய் பக்கத்து வயரைச் சுடும்.
துணி சுற்றினால்
உப்புக்காற்று உள்ளே உட்கார்ந்து அரிக்கும்.
பகலில் தூங்கும் இந்துமணி
சத்தத்தில் விழித்தால்
ஜன்னலிலிருந்தே என் பரம்பரையை அழைப்பாள்.

ஸ்டாக்கா? தயிர்சாதம்க்கா! என்று சிரித்தான்
மைவிக்காரப் பையன் யுகேஸ்வரன்.
தயிர்சாதம் தின்றுதான் தம்பி
பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறேன்.

பழையதையே மாட்டு, கீட்.
ஆனால் வாயோரம் இடிக்கிறதே,
கேஸ்கெட்டைத் தாண்டி நீட்டும் அந்த உதடு,
அதை மட்டும் ராவிவிடு.
நாலு வாயிலும் அரை மில்லிமீட்டர்.

கிரைண்டர் கத்தியது.
இரும்புப்பொடி என் சீருடைக் கையில் மினுங்கியது.
எண்பது ரிங்கிட்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன்.
வித்தியாசம் தெரியுதா?
தெரியுது என்றேன்.
முழுப்பொய் இல்லை.

ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில்
ஆணியும் அந்த நாலு குழாயும்.
அடுத்த சீனப் பெருநாளுக்கு
இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.