மதிப்பீடு: மூன்று

பெருங்குடி. மே மாதம். இரவு பதினொன்றே கால்.
பெனிட்டா மூன்றாம் முறை கூப்பிடுகிறாள்:
"ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கு மேடம்,
லைன்ல ஒருத்தர் திட்டிக்கிட்டே இருக்கார்."

தண்ணீர் லாரி கேட்டவர்களின் பட்டியல்
அறுபத்தாறு நொடி எடுக்கிறது.
மழைக்காலத்தில் கண் இமைக்குமுன் வந்த பட்டியல்.

எக்ஸ்பிளெயின் என்று மட்டும் கேட்டால்
போகவிருக்கும் வழியைச் சொல்லும், போகாது.
அனலைஸ் சேர்த்தால் நிஜமாகவே நடந்துவிட்டு
வந்து சொல்லும், கால் தூசியோடு.
நடக்கவிட்டேன்.

மேலிருந்து படிக்கக் கூடாது இதை.
மேல் வரி கடைசியில் நடப்பது.
அம்புக்குறிக்குப் பின்னால்
ஆக உள்ளே ஒதுங்கி நிற்கும் வரியில்தான் ஆரம்பம்.
திரையில் விரல் வைத்துப் போகிறேன்,
வாக்காளர் பட்டியலில் பேர் தேடுகிறவளாக.

தெருக்கள் அட்டவணை. முழுத் துழாவல்.
1.6 மில்லிநொடி.
இதிலென்ன என்று தாண்டியிருப்பேன்;
வரியின் ஓரத்தில்: சுற்று 41,206.
ஒவ்வொரு வீட்டுக்கும்
மாதவரம் முதல் செம்மஞ்சேரி வரை
எல்லாத் தெருவையும் முதலிலிருந்து தேடியிருக்கிறது,
நாற்பத்தோராயிரம் தடவை, முகம் சுளிக்காமல்.

அதைத் திட்ட வாயெடுத்தேன்.
மதிப்பீடு என்ற இடத்தில் போட்டிருந்தது:
காத்திருப்பவர்கள் மூன்று.
மூன்று பேருக்கென்றால் நானும் அப்படித்தான் தேடுவேன்.

மூன்று எங்கிருந்து வந்தது?
கடைசியாக எண்ணிய தேதி நவம்பர் 27.
வேளச்சேரியில் முட்டிவரை நின்ற வாரம்.
லாரித் தண்ணீர் யாருக்கு வேண்டும் அன்றைக்கு?
டிஸ்க் திணறுகிறதென்று
தானாக எண்ணும் வேலையை நிறுத்திவைத்தது யார்
என்று பார்த்தால்
என் பெயர்.
வெயில் வந்ததை அதற்கு யாரும் சொல்லவில்லை.
இன்னும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மறுபடி எண்ணச் சொன்னேன்.
திட்டமே வேறாக வந்தது: ஹாஷ் ஜாயின்,
தெருக்களை ஒரே முறை அள்ளி
மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.
"வந்துடுச்சு மேடம்" என்றாள்,
நன்றி சொல்லுமுன் வைத்தாள். அந்த ஆள் இன்னும் லைனில்.

மதிப்பீடு 41,190. நிஜம் 41,231.
இதற்குள் இருபத்தைந்து பேர் கூடியிருக்கிறார்கள்.
கடைசி வரிசையில்
பள்ளிக்கரணை, பி பிளாக், 11.38,
பதிந்தவர் முபாரக் பாட்சா.
எங்கள் செயலாளர்.

கிளம்புமுன்
ஆபீஸிலேயே முகம் கழுவிக்கொண்டேன்.
பாட்டில் இரண்டையும் நிரப்பினேன்.