புத்தகச் செலவு

செவ்வாய்ப்பேட்டையில்
வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே சுத்தியல்கள், மேலே எங்கள் அறக்கட்டளை:
ஜவ்வரிசி வியாபாரிகள் ஐந்து பேர் போட்ட பணம்,
ஒரு பீரோ, ஒரு மின்விசிறி,
கணக்கெழுத நான்.

சிவஞானேஸ்வரி, வயது நாற்பத்தாறு,
தாரமங்கலம் பக்கம் முகாம்.
பெயர்க் கட்டத்தில் பெயர் அடங்கவில்லை.
தொழில் என்ற கோட்டில்
தாதி என்று எழுதியிருந்தார்.
நான் அதை அடித்துவிட்டு நர்ஸ் என்று எழுதினேன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அசல் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன்.
படிவம் அப்படித்தான் கேட்கிறது.
களப்பைக் கடக்கும்போது பை தலைமேல் இருந்தது,
தலையே தண்ணிக்குள்ள போட்டுது ஐயா என்றார்,
பஸ் தாமதம் என்று சொல்பவரைப்போல.

பதினொரு வருடம் பிரசவ வாட்டில் நின்றவர்
பதின்மூன்று வருடமாக இங்கே
ஆலைக் களத்தில் மாவு காயவைக்கிறார்.
எங்கள் தலைவரின் ஆலையாகவே இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

ஊரிலிருந்து கடிதம் வர எட்டு மாதம்.
பிறகு பயிற்சி, அதன் பிறகு தேர்வு.
பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில்
தமிழையும் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.
நாற்பது பக்க நோட்டில் இரண்டு வரிசை:
குளிசை, மாத்திரை.
சத்தி, வாந்தி.
தடிமன், சளி.
செங்கமாரிக்கு எதிரே மஞ்சக்காமாலை.
நாரி நோகுது என்றால் இங்கே இடுப்பு வலிக்குது.
நோவு என்று எங்கள் பக்கமும் சொல்வோம் என்றேன்,
என் அம்மாவுக்குக் கடைசிவரை தலைநோவுதான்.
சிரித்தார். ஒரு சொல் மிச்சம்.

இரண்டாம் ஞாயிறு ரசீதுகளோடு வருவார்.
தேர்வுக் கட்டணம், பஸ், நகல், வெள்ளைச் சேலை.
ஒருமுறை அடியில் மடித்து ஒன்று:
கண்ணாடிக் கடை, ஆயிரத்து நூற்றைம்பது.
மருந்துப் போத்தில்ல எழுத்து ஆடுது ஐயா.

எங்கள் தலைப்புகளில் கட்டணம் உண்டு,
பயணம் உண்டு, புத்தகம் உண்டு.
படிக்கக் கண் வேண்டும் என்று
ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்தான்.
புத்தகச் செலவு என்று எழுதினேன்.
என்ன புத்தகம் என்று கேட்டார் தணிக்கைக்காரர்.
பெரிய எழுத்துப் புத்தகம் என்றேன்.

ஒரு தாள் தேறினார். ஒன்று போய்விட்டது.
நேற்று மறுபடி கட்டணம், மறுபடி மனு.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
தொழில் என்ற கோட்டில்
அவராகவே நர்ஸ் என்று எழுதினார்.
எனக்கு என்னவோ போலிருந்தது.

அவர் போன பிறகு பழைய மனுவைத் தேடி எடுத்தேன்.
கீழே மதியச் சாப்பாட்டு நேரம், சுத்தியல் ஓய்ந்திருந்தது.
நான் அடித்த கோட்டுக்கு அடியில்
தாதி
இன்னும் படிக்க முடிகிறது,
கண்ணாடி இல்லாமலே.