மிதவை

பத்தரைக்குச் சங்கு ஊதும்.
சூரியன் எங்கே நின்றாலும்
அப்போதுதான் பத்தரை.

வாளிகள் ஸ்டோர் வாசலில் வந்து நிற்கும்.
கண்ணாடி மிதவையைப் பாலுக்குள் விடுவது என் வேலை.
ஆடி ஆடி அது நிற்கும் கோட்டைக்
கிராணி எழுதிக்கொள்வார்:
இவ்வளவு கித்தா, மிச்சம் தண்ணீர்.
தண்ணீருக்குக் கூலி கிடையாது.

"தண்ணியையும் நான்தானே தூக்கியாந்தேன்"
என்றாள் எட்டாம் நிரை இருளாயி.
கிராணி சிரித்தார்.
நானும் சிரித்தேன்;
மிதவைக்காரனுக்கு இரண்டு காசு அதிகம்.

மாசியில் விலை விழுந்துவிட்டது என்றார்கள்.
எங்கே?
நிரை நிரையாகப் பார்த்தும் காணோம்.
லண்டனில் விழுந்ததாம்,
அடி இங்கே.
ஐம்பது காசு நாற்பதானது.
மரம் நேற்றைய பாலையேதான் தந்தது.

சம்பளத்தன்று கூலிம் போனோம்.
கித்தா வந்தபின் முளைத்த டவுன்,
பேரிலேயே கூலி.
பூன் கியாட் சைக்கிள் கடையில்
புது டயர் தொங்கியது.
முகர்ந்தேன். எங்கள் புகைக்கூட்டு வாசம்
துளியும் இல்லை.
அதன் விலை மட்டும் எங்கேயும் விழவில்லை.

இருளாயி விரல் மடக்கினாள்:
பதினோரு நாள் வெட்டு.
"இதுல எவ்வளவு தண்ணி, தவுக்கே?"
அவருக்குப் புரியவில்லை.
நான் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் வாளியில்
மிதவை ஆடி நிற்குமுன்
சுண்டுவிரலால் அமுக்கினேன்,
மயிரளவு.

கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
குனிந்து பார்த்து
எழுதினார்.

"அடுத்த வாளி."